படகுத்துறையில் ஆள் இல்லை

அக்கா, தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பையிலிருந்து எட்டிப் பார்க்கிறதே, அந்த வாழ்த்து அட்டை, அதை ஒரு நிமிடம் கொடுக்க முடியுமா? பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன். நீங்கள் போனில் தமிழில் பேசியதைக் கேட்டேன், அதனால்தான் கேட்கிற தைரியம் வந்தது.

இதுதான். இதேதான்.

மருமகள் வாங்கித் தந்தாரா? ஊரில் எல்லாருக்கும் கொடுக்கவா? எத்தனை? பன்னிரண்டா! இல்லை, இல்லை, நல்ல அட்டைதான். உங்கள் மருமகளை நான் எதுவும் சொல்லவில்லை. உங்களையும் சொல்லவில்லை. கோபம் வந்தால் என் குரல் தானாக ஏறிவிடும், அவ்வளவுதான். டிரைவர் திரும்பிப் பார்த்தால் சொல்லுங்கள், குறைத்துக்கொள்கிறேன்.

இதோ, இந்தக் கல் துறையைப் பாருங்கள். படகு கட்டுகிற துறை. கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற இந்த முனை இருக்கிறதே, இங்கே ஓர் ஆள் நிற்க வேண்டும். சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஓர் ஆள். அது நான்.

ஆமாம் அக்கா, நான்தான். என்னை எடுத்துவிட்டார்கள்.

டப்ளினுக்கு இன்னும் இரண்டரை மணி நேரம் இருக்கிறது. நீங்கள் விமானத்துக்குப் போகிறீர்கள், நான் பாஸ்போர்ட் வேலையாகப் போகிறேன். தூக்கம் வந்தால் தூங்குங்கள். வராவிட்டால் கேளுங்கள். ஆறு வாரமாக இதை யாரிடமும் முழுதாகச் சொல்லவில்லை.

என் பெயர் பேராச்சிசெல்வி. இங்கே எல்லாருக்கும் செல்வி. சொந்த ஊர் சாத்தூர். கோவில்பட்டியா நீங்கள்! அப்படியென்றால் பக்கத்து ஊர்தான். எங்கள் அம்மா சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறார். தாள்களை அடுக்கி மேலே தகடு வைத்து மெஷினில் அழுத்துகிற வேலை. இருபத்திரண்டு வருடமாகத் தகடு அடிக்கிறார். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெருமைக்குச் சொல்லவில்லை. முதல் ஆளாக இருந்தால் எதைச் செய்தாலும் பயமாக இருக்கும், அதைச் சொல்ல வந்தேன். இது சரியா தப்பா என்று கேட்க வீட்டில் ஆள் இருக்காது பாருங்கள். அதனால் நான் எதையும் இரண்டு தடவை சரிபார்ப்பேன். நாம் பஸ் ஏறிய இந்தக் கால்வேயில் படிப்பு முடிந்ததும் வேலையும் அப்படியே அமைந்தது. இதயத்து ரத்தக்குழாய்க்குள் வைக்கிற ஸ்டென்ட் செய்கிற ஃபாக்டரி. மைக்ரோஸ்கோப்பில் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிறது என் வேலை. முடி அளவு கீறல் இருந்தாலும் தள்ளிவிடுவேன்.

ஐந்து நாள் அந்தக் கண்ணாடிக்குள் குனிந்திருந்தால் சனிக்கிழமை தூரமாக எதையாவது பார்க்கத் தோன்றும். கேமரா வாங்கினேன். பஸ் ஏறி முக்கால் மணி நேரத்தில் பாலின்டுவா என்று ஒரு கடற்கரைக் கிராமம். பெயரை உங்களுக்குச் சரியாகச் சொல்கிறேனா என்று எனக்கே தெரியாது, அந்த ஊர்க்காரர்களே ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். பாறை, கடல், அதற்குமேல் சாம்பல் நிறத்தில் வானம். சாம்பலில் அத்தனை சாம்பல் இருக்கிறது என்று அங்கேதான் பார்த்தேன். இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்தேன். சாத்தூர், சிவகாசி, விருதுநகர் என்று நம் பக்கத்து ஆட்களே ஆறாயிரம் பேர் பார்க்கிறார்கள்.

அந்தக் கிராமத்துச் சர்ச் மண்டபத்தில் சனிக்கிழமைதோறும் ஓவிய வகுப்பு நடக்கும். ஒன்பது பேர் வருவார்கள், எல்லாரும் ஓய்வு பெற்றவர்கள். நடத்துகிறவர் மரேட். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்தவர். அறுபத்தெட்டு வயது. வயதில் பெரியவர், அதனால் ‘அவர்’, ‘இவர்’ என்று மரியாதை கொடுத்துத்தான் பேசுகிறேன். மனசுக்குள் கொடுப்பதில்லை.

ஒருநாள் மழைக்கு ஒதுங்க அந்த மண்டபத்துக்குள் போனேன். டீ கொடுத்தார்கள். கேமராவில் இருந்த படங்களை மரேட் வாங்கிப் பார்த்தார். ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவசரப்படவில்லை.

“உனக்கு நல்ல கண்” என்றார்.

அக்கா, அந்த ஒரு வார்த்தைக்கு நான் விழுந்துவிட்டேன். யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. நல்ல மார்க் என்று சொல்லியிருக்கிறார்கள். நல்ல பிள்ளை என்று சொல்லியிருக்கிறார்கள். கண்ணைப் பற்றி யார் சொன்னார்கள்?

இந்த ஊர் வெளிச்சத்தைப் பற்றி நான் ஒன்று சொல்ல வேண்டும், அப்போதுதான் உங்களுக்குப் புரியும். நம் ஊரில் வெளிச்சம் காலையில் வந்து உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்து போகும். இங்கே பத்து நிமிடம். மேகம் விலகும், கடல்மேல் ஒரு பட்டையாக விழும், ஆகா என்று பார்ப்பதற்குள் போய்விடும். ஸ்டாண்டை விரித்து, மஞ்சளையும் நீலத்தையும் குழைத்துப் பச்சை கூட்டுவதற்குள் கடல் வேறு நிறத்தில் இருக்கும். அப்புறம் காற்று, அப்புறம் மழை. கீழேயிருந்து மேலே அடிக்கிற மழையை நான் இங்கேதான் பார்த்தேன். அதனால் பெரிய படமாக வரைகிறவர்கள் புகைப்படத்தை வைத்துத்தான் வரைவார்கள். புகைப்படத்தின் மேல் பென்சிலால் கட்டம் போடுவார்கள். கேன்வாசில் அதே கட்டம், பெரிதாக. ஒவ்வொரு கட்டமாகப் பார்த்துப் பார்த்து ஏற்றுவார்கள்.

மரேட் கேட்டார்: “இந்தக் குளிர்காலம் முழுவதும் எனக்காக அந்தத் துறையைப் படம் எடுப்பாயா? ஒரே இடம், ஒரே உயரம். வானிலை மட்டும் மாறட்டும். முனையில் யாராவது நின்றால் நல்லது. ஆள் இல்லாவிட்டால் அந்தத் துறை பத்தடியா நூறடியா என்று தெரியாது. ஓர் அளவுக்கு.”

அளவுக்கு! அதை நான் பெருமையாக எடுத்துக்கொண்டேன்.

அக்டோபரில் ஆரம்பித்தேன். பிப்ரவரி வரை. எல்லாச் சனிக்கிழமையும் இல்லை, சரியாகச் சொல்ல வேண்டும், பதினொரு சனிக்கிழமை. முக்காலி வைக்கிற இடத்தில் மூன்று கல்லில் சாக்பீஸால் குறி போடுவேன். மழை அழித்துவிடும். அடுத்த வாரம் நாடாவால் அளந்து மறுபடி போடுவேன். தண்ணீர் வற்றுகிற நேரம், ஏறுகிற நேரம் எல்லாம் எழுதி வைத்திருந்தேன். ஃபாக்டரியில்கூட அவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்திருப்பேனா தெரியாது.

கூட ரெஜினா வருவாள். ரெஜினா யாரென்றால், என்னோடு ஒரே வீட்டில் இருந்தவள். முதியோர் இல்லத்தில் நர்ஸ். குளச்சல் பக்கம், அப்பா மீன் பிடிக்கிறவர். அவளுக்குச் சனிக்கிழமை லீவு, கடலைப் பார்க்க வேண்டும் என்று தொற்றிக்கொண்டு வருவாள். சும்மா வரவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முக்காலியை அவள்தான் தூக்குவாள். மழையில் கேமராவுக்குக் குடை பிடிப்பாள். ஃப்ளாஸ்கில் சுக்குக் காப்பி கொண்டுவருவாள்.

வந்த முதல் நாளே கடலைப் பார்த்துச் சிரித்தாள். “இதெல்லாம் ஒரு கடலா? கூப்பிட்டாத்தான் வரும் போலிருக்கு. எங்க ஊருக் கடலு கேக்காமலே வீட்டுக்குள்ள வந்து ஒக்காரும்.”

நான் எழுதி வைத்த அட்டவணையைப் பார்க்கவே மாட்டாள். தண்ணீரைப் பார்த்துச் சொல்வாள்: “எட்டி செல்வி, இன்னும் பத்து நிமிசத்துல ஏறும். எடுக்கணும்னா இப்பமே எடு.” சரியாக இருக்கும். அது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகவும் இருக்கும்.

முதல் மூன்று வாரம் நானே நின்றேன். கேமராவில் டைமர் வைத்துவிட்டு ஓடுவேன். பத்து நொடி. பத்து நொடியில் துறையில் பாதிகூடப் போக முடியாது. அந்தக் கல் முழுக்கக் கடற்பாசி, எண்ணெய் ஊற்றின மாதிரி வழுக்கும். நான் சாத்தூர்க்காரி அக்கா. எங்கள் ஊரில் ஆற்றிலேயே தண்ணீர் வந்தால் எல்லாரும் பாலத்துக்குப் போய் வேடிக்கை பார்ப்போம். மூன்றாவது வாரம் விழுந்தேன். முழங்கால் வீங்கிவிட்டது.

ரெஜினா கையை நீட்டினாள். “கொண்டா கோட்ட. நீ போயி உனக்க பொட்டிக்குப் பின்னால நில்லு.”

அதற்குப் பிறகு எட்டு வாரமும் அவள்தான் நின்றாள். எதையும் விடாமல் சொல்ல வேண்டும் என்பதால் இதையும் சொல்கிறேன். பாசிமேல் வீட்டு முற்றத்தில் நடக்கிற மாதிரி நடந்து முனைக்குப் போய் நிற்பாள். நான் கை காட்டுகிறவரை அசைய மாட்டாள். ஒருநாள் ஆலங்கட்டி அடித்தபோதும் நின்றாள்.

ஆனால் கோட்டு என்னுடையது. கேமரா என்னுடையது. குறி போட்டது நான். நிற்க வேண்டிய இடத்தை முடிவு செய்தது நான். அவள் அங்கே நின்றது எனக்காகத்தானே? என் பதிலாகத்தானே? நீங்களே சொல்லுங்கள்.

பிப்ரவரி கடைசியில் மரேட் படங்களையெல்லாம் அச்சுப் போட்டு மண்டபத்து மேஜையில் பரப்பினார். நாற்பத்து மூன்று படம். சுற்றிச் சுற்றி வந்தார். ஒன்றை எடுத்தார். தண்ணீர் நன்றாக வற்றியிருந்த ஒரு நாள், மேகம் கிழிந்து துறையின் முனையில் மட்டும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்குள் சிவப்பாக ஓர் ஆள், கட்டைவிரல் நகம் அளவுக்கு.

“இதுதான்” என்றார். அப்புறம் மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டு, “இது நீதானே?” என்றார்.

நான் தலையை ஆட்டினேன்.

ரெஜினா அப்போது சமையலறையில் எல்லாருடைய டீக் கோப்பையையும் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்ச் சத்தம் கேட்டது. யாரும் கழுவச் சொல்லவில்லை, அவளாகவே செய்வாள். தலையை ஆட்டியதை நீங்கள் பொய் என்று சொல்வீர்களா? நம் ஊரில் தலையை ஆட்டினால் ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவர் எப்படி எடுத்துக்கொண்டார் என்பது அவர் பாடு. அதுவுமில்லாமல், கட்டைவிரல் நகம் அளவு சிவப்புக்குள் எந்த ஊர்ப் பெண் நின்றால் என்ன?

அன்றைக்கே அம்மாவுக்குப் போன் போட்டேன். “அம்மா, என்னய வரையிறாங்கம்மா. பெரிய படமா. பெயிண்ட்ல.”

“உன்னயவா? எதுக்கு? நீ என்ன சாமியா, சினிமாக்காரியா?”

“கடல் ஓரமா நிக்கிற மாதிரி. நாலடி அகலப் படம்மா.”

 “அங்க நீ இருக்கேன்னு அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுரும்ல?” என்றார் அம்மா.

இதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அம்மாவுக்கு என் வேலை புரியாது. ஸ்டென்ட் புரியாது. நான் இருக்கிற இடம் புரியாது. படம் புரியும். இருபத்திரண்டு வருடம் அடுத்தவர்கள் படத்துக்குத் தகடு அடித்தவர். மகள் இருக்கிற படம் ஒன்று வருகிறது என்றதும் கம்பெனி முழுக்கச் சொல்லிவிட்டார். கூட வேலை பார்க்கிறவர்கள் தினமும் கேட்பார்களாம், “உன் மக படம் முடிஞ்சிருச்சா?” என்று. அம்மா என்னைக் கேட்பார். நான் மரேட்டைக் கேட்பேன். “ஆகிறது, ஆகிறது” என்பார்.

இதற்கு நடுவில் ரெஜினாவோடு வேறு ஒரு வம்பு. என் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் போடுகிற படங்களை நான் போனில் சுத்தம் செய்துதான் போடுவேன். எல்லாரும் செய்வதுதான். கரண்டுக் கம்பி, குப்பைத்தொட்டி, மீன் கூண்டு, வேன் வீடுகள், செல்ஃபி எடுக்கிற ஆட்கள், இதெல்லாம் இருந்தால் படம் படமாக இருக்காது. விரலால் தேய்த்தால் போய்விடும். அந்த இடத்தில் புல்லோ தண்ணீரோ தானாக வந்துவிடும். ரெஜினாவின் குடை, ரெஜினாவின் நிழல், சில சமயம் ஓரத்தில் ரெஜினாவே. அதெல்லாம் போகும்.

ஒருநாள் என் போனை வாங்கி மேலும் கீழுமாகத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “நீ எடுக்கது எல்லாத்துலயும் நான் இருக்கேன் பிள்ளே. போடுகது எதுலயும் நான் இல்லியே.”

“படத்தோட அழகு கெட்டுரும் ரெஜி” என்றேன்.

“அப்ப நான் அழகு இல்லியா?” என்று சிரித்தாள்.

சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். மார்ச்சில் லிமெரிக் பக்கம் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சின்ன விஷயத்தைச் சிலர் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள், நான் அதில் ஒன்றும் செய்ய முடியாது.

ஏப்ரலில் கண்காட்சி. அந்தக் கிராமத்து ஓட்டலில். நான் புதுச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஆளாளுக்குக் கையில் வைன் கோப்பை, தட்டில் சீஸ். இங்கே மதியம், அங்கே சாயங்கால டீ நேரம். அம்மா வீடியோ காலில் இருந்தார். அம்மாவைச் சுற்றி ஐந்தாறு தலை, பின்னால் மெஷின் சத்தம். நான் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு படத்தை நோக்கிப் போனேன். முன்னால் நின்ற ஆட்களின் தலை மறைத்ததால் எனக்குத் தெரியவில்லை. நான் பார்ப்பதற்கு முன்னால் அம்மா பார்த்துவிட்டார்.

“எங்க பாப்பா இருக்க?”

அப்போதுதான் பார்த்தேன். துறை இருந்தது. பாசி இருந்தது. துருப்பிடித்த இரும்பு வளையம்கூட இருந்தது, நான் எடுத்த அதே வளையம். முனையில் வெளிச்சம் இருந்தது. வெளிச்சத்துக்குள் ஒன்றும் இல்லை.

“அந்தா, அந்தப் பாறைக்குப் பின்னாடியா?” என்றார் போனில் ஓர் அக்கா.

“அது ஆளு மாதிரி இல்லியே, மாடுல்ல” என்றார் இன்னொருவர்.

எல்லாரும் தேடினார்கள் அக்கா. போனுக்குள் தலையை நுழைத்து, படம் முழுக்க என்னைத் தேடினார்கள். நான் கையை ஆட்டாமல் பிடித்துக்கொண்டு நின்றேன், அவர்களுக்கு நன்றாகத் தெரிய வேண்டும் என்று. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கடைசியில் அம்மாதான் சொன்னார். “சரி விடு பாப்பா. நல்லாத்தான இருக்கு. சீனரின்னா ஆளு இருக்கக் கூடாதுல்ல. இங்கயும் சீனரி காலண்டர்ல ஆளு வந்துட்டா டிசைன் போடுறவரு எடுத்துருவாரு. ஆளு இருந்தா யாரு வாங்குவா?”

அம்மாவே அப்படிச் சொல்கிறார்! யாருக்காக நான் கொதிக்கிறேனோ அவரே.

மரேட் வந்தார். என் முகத்தைப் பார்த்துப் போனை இறக்கச் சொன்னார். “அந்த உருவம் உட்காரவில்லை, செல்வி. மூன்று முறை டர்பன்டைன் போட்டுத் துடைத்துவிட்டேன். இப்போதுதான் அந்த இடம் மூச்சு விடுகிறது.”

மூச்சு விடுகிறதாம்! நான் நின்றபோது என்ன, மூச்சு முட்டியதா? கையேட்டில் பார்க்கிறேன், ‘புகைப்படங்களுக்காக ஒரு நண்பருக்கு நன்றி’ என்று போட்டிருக்கிறது. நண்பர்! நண்பருக்குப் பெயர் இல்லையா? பதினொரு சனிக்கிழமை குளிரில் விறைத்தவளுக்கு ஒரு பெயர் போட மையில்லையா?

இந்த நாட்டுக் கடற்கரைப் படங்களைக் கவனித்துப் பாருங்கள், எந்தக் கடையிலாவது. புல், பாறை, அலை, ஒரு வெள்ளை வீடு. போனால் போகிறதென்று ஒரு செம்மறி ஆடு. ஆடு இருக்கலாம், ஆள் இருக்கக் கூடாது. இங்கே வயதானவர்களைக் குளிப்பாட்டுகிறது யார்? ஓட்டல் சமையலறையில் பாத்திரம் தேய்க்கிறது யார்? இதயத்தில் வைக்கிற ஸ்டென்டைச் சரிபார்த்து அனுப்புகிறது யார்? அதெல்லாம் நாம் செய்யலாம். படம் என்று வந்தால் மட்டும் நாம் நின்ற இடத்தில் தண்ணீர் வந்துவிடும். எவ்வளவு சுலபமாகத் துடைக்கிறார்கள் பாருங்கள்! கை கூசாதா ஒரு மனுஷிக்கு?

சத்தம் போட்டுவிட்டேனா? மன்னித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் பொறுத்தேன். அப்புறம் மரேட் வீட்டுக்குப் போனேன். பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனேன். இரண்டு தடவை சரிபார்த்தேன். படத்தை அவர் வீட்டுச் சமையலறையில்தான் சாய்த்து வைத்திருந்தார். ஓட்டல்காரர்களே அதை வாங்கிவிட்டார்கள், ஆனால் அவர்களுடைய வரவேற்பறைச் சுவர் வேலை ஜூன் கடைசியில்தான் முடியுமாம். அதுவரை இங்கே.

தாளைப் பார்த்துப் படித்தேன். என்னைத் திரும்ப வைக்க வேண்டும். என் பெயரைப் போட வேண்டும். அந்தப் படத்தை வைத்து அச்சடித்து விற்கிற வாழ்த்து அட்டையிலும் நான் இருக்க வேண்டும்.

குறுக்கே பேசாமல் கேட்டார். டீ ஆறிப்போனது. எழுந்துபோய் ஒரு நோட்டு கொண்டுவந்தார். திறந்தால் பக்கம் பக்கமாகச் சின்னச் சின்ன உருவம். அந்த முனையில் நிற்கிற ஆள். இருபது, முப்பது இருக்கும். பக்கத்தில் பென்சில் கட்டம் போட்ட என் புகைப்படத்தை வைத்தார்.

“நீ எப்படி நிற்பாய் தெரியுமா?” என்றார். “இரண்டு கையாலும் பையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை முன்னால் தள்ளி, யாராவது திட்டினால் ஓடிவிடலாம் என்கிற மாதிரி. இப்போதுகூட அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாய். இவளைப் பார். பாரம் ஒரே காலில். இடுப்பு சாய்ந்திருக்கிறது. கையை அக்குளில் செருகியிருக்கிறாள். காற்றைப் பற்றி இவளுக்குக் கவலையே இல்லை. இது தண்ணீர் ஓரத்தில் வளர்ந்த உடம்பு. நீ என்று சொன்னதால் நான் உன்னை வரையப் பார்த்தேன். மூன்று முறை. தலை உன்னுடையதாக வந்தது, உடம்பு வேறொருத்தியுடையதாக வந்தது. நிற்கவே இல்லை. வேறு வழியில்லாமல்தான் துடைத்தேன்.”

நான் பையை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தேன்.

“உன்னோடு வருவாளே, கோப்பை கழுவுகிறவள், அவள்தானே இது? இத்தனை மாதமாக அவள் பெயரைக் கேட்கவில்லை நான். அது என் தப்பு. அவள் பெயர் என்ன?”

பார்த்தீர்களா? பேச்சை எங்கே கொண்டுபோகிறார் பார்த்தீர்களா? நான் நியாயம் கேட்கப் போனேன். அவர் என்னையே கூண்டில் ஏற்றிவிட்டார்! தப்பு செய்தது யார், படத்தைத் துடைத்தது யார்?

அதோடு விடவில்லை. “அவளை ஒரு சனிக்கிழமை கூட்டி வா. அதே இடத்தில் நிற்கட்டும். ஒரு மணி நேரம் போதும், நேரில் பார்த்து வரைந்து வைத்துவிடுவேன். அவள் பெயரையும் போடுகிறேன், படம் எடுத்தவள் என்று உன் பெயரையும் போடுகிறேன். அட்டையை மறுபடி அச்சடிக்கச் சொல்கிறேன்.”

எப்படிப்பட்ட திமிர் அக்கா இது! என்னை எடுத்துவிட்டு அவளை வைப்பாராம். அந்த இடத்தைக் கண்டுபிடித்தது நான். வெளிச்சத்துக்குக் காத்திருந்தது நான். கம்பெனியில் அத்தனை பேரிடமும் சொல்லியிருப்பது என் அம்மா. நாளைக்கு அதில் ரெஜினா என்று பெயர் வந்தால் என் அம்மா அவர்களிடம் என்ன சொல்வார்? அதை யாராவது யோசித்தார்களா?

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

போன சனிக்கிழமை மரேட் செய்தி அனுப்பியிருந்தார். அந்தப் பெண் எப்போது வருவாள், வெயில் நன்றாக இருக்கிறது என்று. நான் பதில் எழுதினேன், அழித்தேன், எழுதினேன். கடைசியில், அவள் இந்தியாவுக்கே திரும்பிப் போய்விட்டாள், தொடர்பு இல்லை என்று அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. ‘ஐயோ, என் தப்பு. கேட்டிருக்க வேண்டும். சரி, அப்படியே காலியாக இருக்கட்டும்.’

இல்லை அக்கா, போகவில்லை. லிமெரிக்கில்தான் இருக்கிறாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

நேற்றுக்கூடப் பேசினாள். டூட்டி முடிந்து நடந்துகொண்டே பேசினாள், மூச்சு வாங்கியது. “எட்டி, அந்தப் படம் என்னாச்சு? நான் நின்னேன்லா, அது வந்திருக்கா? எனக்க அப்பாட்ட சொல்லி வச்சிருக்கேன், கேட்டுக்கிட்டே இருக்காரு. ஒரு போட்டோ அனுப்பு பிள்ளே.”

இன்னும் வரைஞ்சு முடிக்கல என்றேன்.

“இன்னுமா? அந்தம்மா கை அவ்வளவு மெதுவா?” என்று சிரித்தாள். “பரவால்ல, மெதுவா வரையட்டும். முடிஞ்சதும் சொல்லு.”

சொல்கிறேன் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? இப்படியெல்லாம் என்னைப் பேச வைத்துவிட்டார் பாருங்கள், அந்த மரேட்.